ரொறன்ரோவில் அன்ரனா வாங்குமுன்: கோபுரம் எந்தப் பக்கம், நடுவில் என்ன நிற்கிறது?

அன்ரனாப் பெட்டியில் "150 மைல்" என்று அச்சடித்திருந்தால் அதை எடுத்த தட்டிலேயே திருப்பி வைத்துவிடலாம். பூமி உருண்டை, கணக்கு அதிலேயே முடிந்துவிடும். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலைக்கு அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். சீஎன் கோபுரத்தின் உச்சி 553 மீற்றர். அதற்கு 97 கிலோமீற்றர். இரண்டு மாடி வீட்டு முகட்டில், நிலத்திலிருந்து 9 மீற்றர் உயரத்தில் பூட்டிய அன்ரனாவுக்கு 12. இரண்டையும் கூட்டினால் 109. பெட்டி சொல்லும் 150 மைல் என்பது 241 கிலோமீற்றர். பெட்டிக்குள் இருப்பது யன்னலில் ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மைல் எண்ணை விடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கோபுரங்கள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், நடுவில் என்ன நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அன்ரனா தானாகத் தெரிவாகிவிடும்.

ரொறன்ரோப் பெரும்பாகத்துக்குச் சிக்னல் முக்கியமாக இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. சீஎன் கோபுரத்திலிருந்து 5.1 சிபிசி, 9.1 சிரிவி, 19.1 ரிவிஓ, 25.1 பிரெஞ்சு றேடியோ-கனடா, 40.1 மற்றும் 47.1 ஒம்னி, 41.1 குளோபல், 57.1 சிற்றி. 11.1 சிஎச்சிஎச் ஹமில்ரன் பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், பஃபலோவைச் சுற்றியுள்ள கோபுரங்களிலிருந்து 2.1 என்பிசி, 4.1 சிபிஎஸ், 7.1 ஏபிசி, 17.1 பிபிஎஸ், 29.1 ஃபொக்ஸ். மாதக் கட்டணம் இல்லை, களவும் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: சன், விஜய் போன்றவை காற்றில் வராது. அம்மாவுக்குச் சீரியல் பார்க்கத்தான் அன்ரனா என்றால் வாங்க வேண்டாம். செய்தி, ஹொக்கி, அமெரிக்கக் காற்பந்து, ஆங்கில நாடகங்கள், பிள்ளைகளுக்கு ரிவிஓ என்றால் வாங்கலாம். பஃபலோவை நேரே பிடிப்பதில் இன்னொரு சுகம் உண்டு. கேபிளில் அமெரிக்கச் சனலைப் போட்டாலும், அதே நிகழ்ச்சியைக் கனடியச் சனல் அதே நேரத்தில் காட்டினால் கனடிய ஒளிபரப்பை அதன் மேல் ஏற்றிவிடுவார்கள். அன்ரனாவில் அந்த வேலை நடக்காது.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு, சீஎன் கோபுரம் மட்டும் போதுமா, பஃபலோவும் வேண்டுமா என்பதுதான். இந்த இரண்டுக்கும் செலவும் வேலையும் மலைக்கும் மடுவுக்கும்.

சீஎன் கோபுரம் மட்டும் என்றால், ஸ்காபரோவின் நடுப்பகுதியிலிருந்து அது ஏறத்தாழ 18 கிலோமீற்றர்தான். தெற்கு அல்லது மேற்கு பார்த்த யன்னலில் வைத்த சாதாரண முயல்காது அன்ரனாவே பல வீடுகளில் போதும். கிரான்ட் ஐலன்ட் பக்கத்துப் பஃபலோக் கோபுரங்கள் அதே இடத்திலிருந்து 90 கிலோமீற்றருக்குக் கிட்ட. கோல்டன் பக்கத்தில் உள்ளவை 130 வரை. மேலே சொன்ன அடிவானக் கணக்கின்படி இவை விளிம்பிலோ விளிம்புக்கு அப்பாலோ நிற்கின்றன. ஆனாலும் வருகின்றன, ஏனென்றால் நடுவில் இருப்பது தண்ணீர். மலை இல்லை, கட்டடம் இல்லை, ஏரியின் மேல் காற்று அலையைக் கொஞ்சம் வளைத்தும் கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் தென்னை உயரத்துக்குக் குழாய் ஏற்றி, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்துத் தூரதர்சனைப் பிடித்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே போலவே இங்கும் உயரம்தான் பாதி வேலை. ஏரியைப் பார்த்த சரிவில் இருக்கும் வீடும், அதிலிருந்து வடக்கே ஒரு மேட்டின் பின்னால் இருக்கும் வீடும் ஒரே தபால் குறியீட்டில் இருந்தாலும் ஒரே பலனைத் தராது. றாபிற்இயர்ஸ் இணையத்தளத்தில் உங்கள் முகவரியையும் அன்ரனா உயரத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு நிலையத்தின் திசை, தூரம், எதிர்பார்க்கும் வலு எல்லாம் பட்டியலாக வரும். 15 அடிக்கும் 30 அடிக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். குழாய்க்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அந்த வித்தியாசம் சொல்லும்.

இனித் திசை. ஸ்காபரோவிலிருந்து சீஎன் கோபுரம் தென்மேற்கே, வரைபடத்தின் வடக்கிலிருந்து ஏறத்தாழ 220 பாகை. பஃபலோ தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே, 160 பாகை. இடைவெளி 60 பாகை. மிசிசாகாவிலும் அதே அளவு இடைவெளிதான், ஆனால் கோபுரம் கிழக்கே, பஃபலோ தென்கிழக்கே. மார்க்கம், பிரம்ரன் பக்கம் போனால் இடைவெளி 30, 40 பாகையாகச் சுருங்கிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், நான்கு வண்ணத்துப்பூச்சி அடுக்கிய மாதிரியான 4-பே அன்ரனா ஏறத்தாழ 50, 60 பாகை அகலத்துக்குப் பார்க்கும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வைத்த 8-பே அதில் பாதி அகலத்துக்குத்தான் பார்க்கும், ஆனால் தூரத்தை இன்னும் இழுக்கும்.

மார்க்கத்திலும் பிரம்ரனிலும் 4-பே ஒன்றை இரண்டுக்கும் நடுவே திருப்பினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஸ்காபரோவில் நடுவே திருப்புவது தவறு. முழுக்கப் பஃபலோவையே பாருங்கள். கோபுரம் கிட்ட இருப்பதால் அதன் சிக்னல் அன்ரனாவின் தோள் பக்கத்தால் வந்தாலும் மிச்சம் மீதி இருக்கும். தூரத்தில் உள்ளவனுக்கு முகத்தைக் கொடு, கிட்ட உள்ளவன் எப்படியும் கூப்பிடுவான். இரண்டு அன்ரனா வாங்கி, ஒன்றைக் கோபுரத்துக்கும் மற்றதைப் பஃபலோவுக்கும் திருப்பி, ஒரு வயரைப் பல ரிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிற்றரைத் தலைகீழாக வைத்து இரண்டையும் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கும் இடத்திலேயே 3.5 டெசிபல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அலகு) போய்விடும். ஒரே சிக்னல் இரண்டு அன்ரனாவிலும் சிறு நேர வித்தியாசத்தில் வந்து ஒன்றையொன்று குழப்பும். இரண்டு அன்ரனா கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு வயரைத் தனித்தனியாக இறக்கி, ஒரு மாற்றுச் சுவிச்சில் கொண்டுவந்து விடுங்கள்.

9.1 மட்டும் ஏன் வரவில்லை?

அன்ரனா பூட்டியவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. பதில் அலைநீளத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலான சனல்கள் யூஎச்எஃப் பட்டையில், 470 முதல் 608 மெகாஹேர்ட்ஸ் வரை, ஒளிபரப்பாகின்றன. அவற்றின் அலை 49 முதல் 64 சென்ரிமீற்றர் நீளம். 9.1 சிரிவி வருவது உயர் வீஎச்எஃப் பட்டையில், 174 முதல் 216 மெகாஹேர்ட்ஸுக்குள். அந்த அலை ஒன்றரை மீற்றருக்கு மேல். யூஎச்எஃபுக்கு அளவெடுத்துச் செய்த 4-பே அதற்குக் குட்டை. கோபுரத்துக்குக் கிட்ட இருந்தால் குட்டை அன்ரனாவிலும் தப்பித் தவறி வரும். தள்ளிப் போனால் வராது.

தீர்வு சின்னது. முயல்காது வைத்திருப்பவர் ஒவ்வொரு காதையும் 40 சென்ரிமீற்றருக்கு நீட்டிக் கிடையாக விரித்தால் போதும். முழுக்க இழுத்து மேலே நிமிர்த்தி வைப்பதுதான் பலர் செய்யும் பிழை. கூரையில் 4-பே பூட்டியவர், அதே குழாயில் வீஎச்எஃப் இருதுருவக் கம்பி ஒன்றை இரண்டடி கீழே பூட்டி, யூஎச்எஃப்-வீஎச்எஃப் இணைப்பி என்று கேட்டு வாங்கும் சின்னப் பெட்டியால் சேர்க்க வேண்டும். இந்த இணைப்பி சாதாரண ஸ்பிளிற்றர் இல்லை. ஒவ்வொரு வாயிலும் அதற்குரிய பட்டையை மட்டும் உள்ளே விடும், அதனால் இழப்பு ஒரு டெசிபலுக்குள் அடங்கும். இரண்டு பட்டைக்கும் சேர்த்தே செய்த அன்ரனாக்களும் உண்டு. அன்ரனாஸ் டிரெக்ற் நிறுவனத்தின் கிளியர்ஸ்ரீம் 4வி அப்படியானது. புதிதாக வாங்குபவருக்கு அது சுலபம்.

9.1 வந்துகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று இரவில் மட்டும் உடைகிறது என்றால் அன்ரனாவைத் தொடாதீர்கள். வீட்டில் மலிவான எல்ஈடி விளக்கோ போன் சார்ஜரோ காதுக்குக் கேட்காத ரேடியோ இரைச்சல் போடுகிறது. வீஎச்எஃப் அந்த இரைச்சலுக்கு மிகவும் மென்மையானது. ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார்.

பூஸ்ரர்: மருந்தா, நோயா?

"சிக்னல் வரவில்லை, பூஸ்ரர் போடு" என்பது நம்மவர்களின் முதல் வைத்தியம். டிஜிற்றலில் படம் மெல்ல மெல்ல மங்காது. சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபல் மேலே நின்றால் முழுப்படம். அதற்குக் கீழே விழுந்தால் சதுரம் சதுரமாக உடைந்து கறுப்பு. பூஸ்ரர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். அன்ரனாவுக்கு வராத சிக்னலை அது உண்டாக்காது. வந்த சிக்னல் வழியில் சிந்தாமல் காப்பதே அதன் வேலை.

ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். முகட்டில் 4-பே, பஃபலோவின் ஒரு சனல் அங்கே, படம் உடையும் விளிம்புக்கு மேல் 12 டெசிபல் மிச்சத்துடன் வருகிறது என்று வைப்போம். ஆர்ஜி-6 என்ற வழக்கமான அன்ரனா வயர் யூஎச்எஃபில் 100 அடிக்கு 5 டெசிபலுக்கு மேல் தின்னும். பேஸ்மென்றுக்கு இறங்க 50 அடி, 2.7 போய்விட்டது. அங்கே நான்கு வழி ஸ்பிளிற்றர், 7 போய்விட்டது. அதிலிருந்து மேல்மாடி ரிவிக்கு இன்னும் 30 அடி, 1.6. கூட்டினால் 11.3. மிச்சம் 0.7 டெசிபல். படம் வரும், காற்றடித்தால், மழை பெய்தால், வாசலில் பெரிய பார ஊர்தி நின்றால் போய்விடும். குழாயிலேயே, அன்ரனாவிலிருந்து இரண்டு மூன்றடிக்குள், ஒரு முன்பெருக்கியை, அதாவது வயருக்கு முன்னால் நிற்கும் பூஸ்ரரைப் பூட்டினால் இந்த 11.3 ஐயும் கிட்டத்தட்ட முழுதாக மீட்டுவிடலாம். அதையே ரிவியின் பின்னால் பூட்டினால் பலன் இல்லை. சிந்தவேண்டியது எல்லாம் அதற்கு முன்பே சிந்திவிட்டது.

இங்கேதான் ரொறன்ரோவுக்கே உரிய தலையிடி. பஃபலோவுக்காகப் போட்ட பெருக்கி சீஎன் கோபுரத்தின் பலத்த சிக்னலையும் தூக்கும். கோபுரத்துக்குக் கிட்ட உள்ள வீடுகளில் அது திணறிப்போகும். பூஸ்ரர் போட்டபின் முன்பு வந்த சனல்களும் காணாமல் போனால் இதுதான் காரணம். அதைக் கழற்றி, வயரை நேரே இணைத்துப் பாருங்கள். சனல் திரும்பி வந்தால் பெருக்கம் குறைந்த ஒன்றை வாங்குங்கள். 15 டெசிபல் தாராளம். பெட்டியில் 35 என்று போட்டிருப்பது வீண் பெருமை. பெருக்கத்தைவிட, பெருக்கி தானே சேர்க்கும் இரைச்சலைச் சொல்லும் இரைச்சல் எண்ணைப் பாருங்கள், 2 டெசிபலுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 614 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே இப்போது கைத்தொலைபேசிகள் ஓடுகின்றன. கைத்தொலைபேசிக் கம்பம் பக்கத்தில் இருக்கும் வீடு என்றால் 608 இல் வெட்டும் வடிகட்டி ஒன்றைப் பெருக்கிக்கு முன்னால் பூட்டுங்கள். 69 ஆம் சனல் வரை பிடிக்கும் என்று சொல்லும் பழைய அன்ரனா இந்தத் தொலைபேசி அலைகளையும் ஆசையாகப் பிடித்துக் கொடுக்கும். ரிவி ஒளிபரப்பாகும் அலைவரிசைகள் இப்போது 36 ஆம் சனலோடு முடிந்துவிட்டன; 40.1, 57.1 என்று திரையில் காண்பது பெயருக்கு மட்டும்.

முன்பெருக்கிக்கு மின்சாரம் அதே வயரால்தான் மேலே போகிறது. வீட்டுக்குள் சுவரில் செருகும் ஒரு சின்ன மின்னூட்டி அதை அனுப்பும். அந்த மின்னூட்டியை ஸ்பிளிற்றருக்கு முன்னால், அன்ரனாப் பக்கத்தில் வையுங்கள். வசதிக்காக ரிவியின் பின்னால், ஸ்பிளிற்றருக்குப் பிறகு வைத்தால் பெரும்பாலான ஸ்பிளிற்றர்கள் மின்சாரத்தை மேலே விடாது. ஒரு வாயில் மட்டும் விடும் வகையும் உண்டு. அதில் சிவப்புக் கோடோ அம்புக்குறியோ இருக்கும். மின்சாரம் போகாத பெருக்கி, பெருக்கி இல்லாததைவிட மோசம். சிக்னலை அப்படியே மறித்துவிடும். புதுப் பெருக்கி பழுது என்று கடைக்குத் திரும்பிப் போகும் பெட்டிகளில் கணிசமானவை இந்தப் பிழைக்குப் பலியானவை.

வீட்டில் ஏற்கனவே சுவருக்குள் ஓடும் கேபிள் வயரைப் பயன்படுத்தலாம். ஆனால் தெருவிலிருந்து வரும் கேபிள் கம்பனியின் இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் அவர்களுடைய சிக்னல் உங்கள் அன்ரனாவால் வெளியே ஒளிபரப்பாகும். ஆள் தேடி வருவார்கள். ஸ்பிளிற்றரின் ஆளில்லாத வாய்களுக்கு 75 ஓம் மூடி போடுங்கள்.

கொண்டோவில் கதை வேறு. புதிய கட்டடங்களின் யன்னல் கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. தாள் அன்ரனாவை அதில் ஒட்டுவது இரும்புப் பெட்டிக்குள் ஒட்டுவது போல. பல்கனிக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு திறந்ததும் சனல் கூடினால் குற்றம் கண்ணாடியில். பல்கனிக்குள்ளே, கம்பிக்கு உட்புறம், தாங்கியில் நிறுத்திய சிறு 2-பே அன்ரனா போதும். கம்பிக்கு வெளியே எதைப் பூட்டவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கதவால் வயர் கொண்டுவரத் தட்டையான கோஎக்ஸ் துண்டு விற்கிறார்கள். வடக்குப் பார்த்த வீடு என்றால் நேர்த் திசையை மறந்துவிட்டு எதிரே உள்ள உயர்ந்த கட்டடத்தைப் பாருங்கள். அதில் பட்டுத் தெறித்து வரும் கோபுரச் சிக்னல் பல இடங்களில் தாராளமாகப் போதும். பஃபலோவை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அற்றிக்கில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். கூரை ஆஸ்பால்ற் ஓடு என்றால் வைக்கலாம், கோபுரச் சனல்களுக்குச் சிக்கல் இல்லை. அலுமினியப் பக்கச்சுவர், வெள்ளித்தாள் ஒட்டிய வெப்பக்காப்பு இருந்தால் வீண். கூரையில் ஈரப்பனி அடுக்கடுக்காகக் கிடக்கும் வாரங்களில் பஃபலோ போய்வரும்.

கூரையில் ஏறுவோருக்கு: மேலே போகும் மின்கம்பியிலிருந்து ஏணியும் குழாயும் மூன்று மீற்றருக்குக் கிட்டவும் வரக்கூடாது. குழாய் சாய்ந்து விழுந்தால் எங்கே விழும் என்று நிலத்தில் நின்றே அளந்துகொள்ளுங்கள். குழாயை 10 ஆம் இலக்கச் செப்புக் கம்பியால் வீட்டின் மின்புவித்தொடுப்போடு இணைக்க வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயரின் சுற்றுப் பின்னலைப் புவியோடு தொடுக்கும் ஒரு புவிக்கட்டையும் வேண்டும். நேரடி இடியை இது தடுக்காது. காற்றும் உலர்பனியும் உரசிச் சேரும் நிலைமின்சாரத்தைக் கொட்டிவிட்டு ரிவிக்குள் சனலைப் பிடிக்கும் ரியூனரைக் காக்கும். வயர் உள்ளே போகுமுன் கீழே தொங்கும் ஒரு வளைவு விடுங்கள், மழைத் தண்ணீர் அதன் அடியில் சொட்டி விழட்டும். கனெக்ரர் அழுத்திப் பூட்டும் வகையாக இருக்கவேண்டும். திருகிப் பூட்டுவது ஒரு குளிர்காலம்தான். வெட்டும்போது சுற்றுப் பின்னலின் ஒரு மயிர்க்கம்பி நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் போயிற்று. வெளியே உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் தன்னோடு ஒட்டும் றப்பர் நாடா சுற்றுங்கள். ஒரு வருடம் நன்றாக ஓடிய அன்ரனா படிப்படியாகச் செத்தால் பெரும்பாலும் தண்ணீர் புகுந்த கனெக்ரர்தான். கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும்.

பருவமும் ஆட்டுவிக்கும். சனவரியில் மொட்டை மரங்களுக்கு ஊடாகச் சரிபார்த்துப் பூட்டியது மே மாதம் இலை விட்டதும் சறுக்கும், முக்கியமாக மழையில் நனைந்த மேப்பிளுக்கு ஊடாக. கோடை மாலைகளில் ஏரியின் மேல் குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது பஃபலோ கண்ணாடி போல வரும். சில நாள் றொச்செஸ்ரரும் எட்டிப் பார்க்கும். அந்த மாலையில் அன்ரனாவைத் திசைபார்த்து இறுக்கிவிடாதீர்கள். சாதாரணமான ஒரு நாள் நண்பகலில் பார்த்து இறுக்குங்கள்.

ரிவியில் தேடல் தொடங்குமுன் மெனுவில் "கேபிள்" இல்லாமல் "அன்ரனா" தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில ரிவிகள் ஒவ்வொரு தேடலிலும் பழைய பட்டியலை அழித்துவிடும். பஃபலோ நன்றாக வரும் நேரத்தில் தேடி வைத்தால் பிறகு பலவீனமான நாளிலும் சனல் எண் பட்டியலில் இருக்கும். 2019, 2020 இல் நிலையங்கள் பல அலைவரிசை மாறின. அதற்குப் பிறகு ஒருதடவையும் தேடாத பழைய ரிவியில் பாதிச் சனல் இல்லாதது அன்ரனாவின் குற்றம் அல்ல.

துளை போடுமுன் ஒரு பரீட்சை. 4-பேயை நீளமான மரத்தடியில் கட்டி, ஒருவர் கூரை விளிம்புக்கருகே பிடிக்க, இன்னொருவர் உள்ளே ரிவியின் சிக்னல் மெனுவைப் பார்க்கட்டும். வலு என்ற கோட்டை விட்டுவிட்டுத் தரம் என்ற கோட்டைப் பாருங்கள். 2.1 ஐப் போட்டுவைத்து, ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி பொறுத்திருங்கள்; ரியூனருக்குப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு அடி அடியாக இடத்தை மாற்றுங்கள். முகட்டின் இந்த நுனியில் உடையும் படம் ஆறடி தள்ளி நிலையாக நிற்பது வழக்கம். நின்ற இடத்தையும் திசையையும் சோக்கால் கோடு போட்டுவிட்டு இறங்குங்கள்.